பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டால் போர் நீளுமா?

கேள்வி (வாசகி, நாகர்கோவில்): போர் நடக்கும் நாட்டுக்கு உணவும் மருந்தும் அனுப்ப எங்கள் சபையில் காணிக்கை எடுத்தார்கள். நானும் போட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் மகன் சண்டைக்கு வந்துவிட்டான். "பயாஃப்ராவில் சபைகள் இப்படித்தான் சோறு கொண்டுபோய் இறக்கி, முடிய வேண்டிய போரை இழுத்துவிட்டன" என்கிறான். உண்மையா?

பதில்: உங்கள் மகன் சொல்வது கட்டுக்கதை இல்லை அம்மா. நிவாரண வேலையில் இருப்பவர்களே இன்றுவரை விவாதிக்கும் விஷயம் அது. ஆனால் அவருக்கு வந்து சேர்ந்திருப்பது பாதிக் கதை.

நைஜீரியாவின் கிழக்குப் பகுதி 1967 மே 30 அன்று பயாஃப்ரா என்ற பெயரில் தன்னைத் தனிநாடாக அறிவித்துக்கொண்டது. ஜூலையில் போர் தொடங்கியது. 1968 மே மாதம் போர்ட் ஹார்கோர்ட் துறைமுகம் நைஜீரிய ராணுவத்தின் கைக்குப் போனதும் கடல் வழியும் அடைபட்டது. மாடு வடக்கேயிருந்தும், மீன் கடல் வழியாகவும் வந்துகொண்டிருந்த மண் அது. இரண்டும் நின்றுவிட்டன. சுருங்கிக்கொண்டே போன நிலத்துக்குள் லட்சக்கணக்கான அகதிகள், சாப்பிட மரவள்ளிக்கிழங்கு, அதுவும் எல்லோருக்கும் இல்லை. முதலில் விழுந்தது குழந்தைகள். காலும் முகமும் வீங்கி, வீங்கிய காலை விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும், முடி செம்பட்டையாகிக் கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். குவாஷியோர்கர் என்று மருத்துவர்கள் சொல்லும் புரதக் குறைவு நோய் இது. வயிறு உப்பியிருப்பதால் படத்தில் பார்ப்பவர்களுக்குப் பிள்ளை தின்று கொழுத்திருப்பதுபோலக்கூடத் தோன்றும்.

இந்த நிலையில்தான் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் கூட்டுச் சேர்ந்து, அப்போது போர்ச்சுகல் வசமிருந்த சாவோ தோமே தீவிலிருந்து விமானம் விட்டார்கள். ஜாயின்ட் சர்ச் எய்ட் என்பது அமைப்பின் பெயர், ஜேசிஏ என்று சுருக்குவார்கள், விமானிகள் அதையே 'ஜீசஸ் கிரைஸ்ட் ஏர்லைன்ஸ்' ஆக்கிவிட்டார்கள். பயாஃப்ராவுக்குள் இறங்கிய இடம் ஊலி. விமான நிலையம் என்று சொல்ல முடியாது, நெடுஞ்சாலையில் ஒரு துண்டை அகலப்படுத்தி ஓடுபாதை ஆக்கியிருந்தார்கள். பகலில் நைஜீரிய விமானப்படை விடாது என்பதால் எல்லாம் இரவில்தான், விளக்கில்லாமல். மேலே குண்டுவீச்சு விமானம் சுற்றிக்கொண்டிருக்கும். இறங்கப்போகும் விமானம் ரொம்பப் பக்கத்தில் வந்த பிறகுதான் கீழே விளக்கைப் போடுவார்கள், சக்கரம் தரையைத் தொட்டதும் அணைத்துவிடுவார்கள். இருட்டுக்குள் ஆட்கள் ஓடிவந்து பால் பவுடர் மூட்டை, உப்பு மூட்டை, மருந்துப் பெட்டி என்று தோளில் சுமந்து லாரிக்கு மாற்றுவார்கள், விமானம் விடிவதற்குள் இன்னொரு நடை அடிக்கத் திரும்பிவிடும். இப்படி 5,000க்கும் மேற்பட்ட நடை, சுமார் 60,000 டன் சரக்கு. விமானிகளும் பணியாளர்களுமாகப் பலர் உயிரை விட்டார்கள்.

சரி, குற்றச்சாட்டுக்கு வருவோம். தொடக்கத்தில் சபைகளுக்குச் சொந்த விமானம் இல்லை, ஆயுதம் ஏற்றிப்போன ஆளின் விமானத்திலேயே இடம் வாங்கி உணவு அனுப்பினார்கள். பிறகு தனி விமானங்கள் வந்தும் ஓடுபாதை ஒன்றுதான், உணவும் துப்பாக்கியும் ஒரே இரவில் ஒரே இடத்தில் இறங்கின. உள்ளே செலவுக்காகச் சபைகள் மாற்றிய வெளிநாட்டுப் பணம் பயாஃப்ரா அரசின் கைக்குப் போனது, அதில் ஆயுதமும் வாங்கலாம் அல்லவா? ஸ்வீடன் நாட்டு விமானி கார்ல் குஸ்தாஃப் வான் ரோசன் 1968 ஆகஸ்டில் முற்றுகைக்குள் தாழப் பறந்து உணவு கொண்டுபோனவர், அதே மனிதர் 1969 மே மாதம் சின்ன விமானங்களில் ராக்கெட் பூட்டி நைஜீரிய விமானத்தளங்களைத் தாக்கினார். நைஜீரியா இவர்களை நம்பாததில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் சோறு நின்றிருந்தால் போர் நின்றிருக்கும் என்பதை என்னால் ஏற்க முடியாது. முற்றுகைக்குள் அகப்பட்ட ஊரில் இருக்கிற கொஞ்சம் உணவு முதலில் துப்பாக்கி வைத்திருப்பவனுக்குத்தான் போகும். கடைசியில் நிற்பது குழந்தை, கர்ப்பிணி, கிழவர்கள். உணவை நிறுத்தினால் சாவும் அதே கடைசி வரிசையிலிருந்துதான் தொடங்கும், படை கலைவதற்குள் ஒரு தலைமுறையே போயிருக்கும். இன்னொன்றையும் மகனிடம் சொல்லுங்கள். 1970 ஜனவரியில் பயாஃப்ரா சரிந்தபோது சபைகளின் விமானங்கள் பறந்துகொண்டுதான் இருந்தன. சோற்று மூட்டை அந்தப் போரைத் தூக்கி நிறுத்தவும் இல்லை, முடிக்கவும் இல்லை.

உணவு விமானங்களைப் பகலில் சோதனை போட்டு அனுப்பலாம் என்று நைஜீரியா சொன்னபோது, அந்தச் சாக்கில் எதிரி விமானம் உள்ளே நுழையும் என்று பயாஃப்ரா தலைவர்கள் மறுத்தார்கள். இரவில் உணவு விமானங்களின் கூட்டத்தில் ஆயுத விமானமும் மறைந்து வரலாம் என்ற வசதி அவர்களுக்குத் தேவைப்பட்டது. பட்டினியை இரண்டு பக்கமும் பயன்படுத்திக்கொண்டது. அந்தப் பழியை மூட்டை சுமந்தவர்கள் தலையில் கட்டுவது நியாயமா?

கேள்வி (வாசகர், தூத்துக்குடி): பயாஃப்ராவுக்கு நார்வேயிலிருந்து கருவாடு போனதாகப் படித்தேன். பசிக்கிறவனுக்குக் கருவாடா?

பதில்: நம் ஊர்க் கருவாடு மாதிரிதான், ஆனால் உப்புப் போடுவதில்லை. கோட் என்ற மீனைக் கம்பத்தில் தொங்கவிட்டுக் குளிர்காற்றிலேயே மாதக்கணக்கில் காயவைப்பார்கள், விறகுக்கட்டை போல ஆகிவிடும். எடை குறைவு, புரதம் கொள்ளை, குளிர்பெட்டி வேண்டாம். விமானத்தில் ஏற்ற இதைவிடத் தோதான சரக்கு கிடைக்காது. முக்கியமாக, பயாஃப்ராவில் பெரும்பான்மையாக இருந்த இக்போ மக்கள் போருக்கு முன்பே விரும்பிச் சாப்பிட்டது அது. ஒக்போரோகோ என்பார்கள், இன்றும் அவர்கள் குழம்பில் உண்டு. வாய்க்குப் பழகிய உணவைக் கொண்டுபோனதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம்.

கேள்வி (வாசகர், திருச்சி): செஞ்சிலுவைச் சங்கம் இருக்கும்போது சபைகளுக்கு அங்கே என்ன வேலை?

பதில்: செஞ்சிலுவைச் சங்கமும் விமானம் விட்டது. 1969 ஜூன் 5 அன்று அவர்கள் விமானம் ஒன்றை நைஜீரியப் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது, அதோடு அந்தப் போக்குவரத்து நின்றது. போர் விதிகளை வகுக்கும் ஜெனீவா ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்ட அமைப்பு என்பதால் நைஜீரியாவின் சம்மதம் இல்லாமல் அவர்களால் தொடர முடியவில்லை. சபைகளுக்கு அந்தக் கட்டு இல்லை, மறுபடி பறந்தார்கள். குடிமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கொள்ளக் கூடாது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியதே 1977இல்தான். செஞ்சிலுவைப் பணிக்காக பயாஃப்ரா போன பிரெஞ்சு மருத்துவர்கள் சிலர் அந்த அனுபவத்தோடு திரும்பி, வேறு சிலருடன் சேர்ந்து 1971இல் தொடங்கியதுதான் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு.

கேள்வி (வாசகி, கோவை): எல்லாம் மதம் மாற்றத்தானே?

பதில்: இந்த இடத்தில் அது பொருந்தாது. இக்போ மக்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். எதிர்த் தரப்பில் நைஜீரியாவின் தலைவர் கோவனும் கிறிஸ்தவரே. அமெரிக்க யூத அமைப்பும் சபைகளோடு கைகோத்தது. ஆனால் ஒரு குறை உண்டு. அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்த அயர்லாந்துப் பாதிரியார்கள் மனதால் பயாஃப்ரா பக்கமே நின்றார்கள், அவர்கள் சொன்ன செய்திதான் ஐரோப்பாவுக்குப் போனது. போர் முடிந்ததும் அவர்களில் பலரை நைஜீரியா பிடித்து நாட்டைவிட்டு அனுப்பியது, ஜேசிஏ போன்ற அமைப்புகளின் உதவியையும் வேண்டாம் என்றது. சனங்களுக்குச் சோறு இன்னும் தேவைப்பட்ட நேரம் அது.

கேள்வி (முதலில் கேட்ட அதே நாகர்கோவில் வாசகி): அப்படியானால் காணிக்கையோடு, வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரை மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

பதில்: காணிக்கை போடுங்கள், மாத்திரை வேண்டாம். 1988 ஆர்மீனியா நிலநடுக்கத்தின்போது சுமார் 5,000 டன் மருந்து போய்ச் சேர்ந்தது, உடனே பயன்படுத்தக்கூடியது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. காலாவதியானது, படிக்கத் தெரியாத மொழியில் சீட்டு ஒட்டியது, அந்த ஊர் மருத்துவருக்குத் தேவையே இல்லாதது என்று மலைபோலக் குவிந்ததைப் பிரித்துப் பார்க்கவே ஆள் போட வேண்டியதாயிற்று. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 1996இல் விதிமுறை வகுத்தது: கேட்ட மருந்தைத்தான் அனுப்ப வேண்டும், போய்ச் சேரும்போது பொதுவாக ஓராண்டுக் காலமாவது மிச்சமிருக்க வேண்டும், ஒருவருக்குக் கொடுத்துத் திரும்பி வந்ததை அனுப்பக் கூடாது. சபை அலுவலகத்தில் மூன்று விஷயம் கேட்டுவையுங்கள்: பணம் எந்த அமைப்புக்குப் போகிறது, உள்ளூரில் யார் கையால் வழங்குகிறார்கள், எதிர்ப்பக்கம் இருக்கும் ஊர்களுக்கும் போகிறதா. மூன்றாவதற்குப் பதில் வரக் கொஞ்சம் நாளாகும், விடாமல் கேளுங்கள்.