கம்பனிக் காசில் ட்ரேடிங்கா, வீட்டிலிருந்தேயா?

கேள்வி: எனக்கு 27 வயது. திருகோணமலை நகரில் ஒரு லீசிங் கம்பனியில் வேலை. இரண்டு வருடமாக வேலை முடிந்து வந்து ட்ரேடிங் பழகுகிறேன், டெமோ கணக்கில் (மெய்க் காசு இல்லாமல் பழகும் கணக்கு) நல்ல இலாபம் வருகிறது. கையில் 6 இலட்சம் ரூபா இருக்கிறது. கொழும்பில் ஒரு ப்ரொப் ட்ரேடிங் கம்பனி வந்து சேரச் சொல்கிறது. சம்பளம் இல்லை, 3 இலட்சம் வைப்புக் கட்ட வேண்டும், இலாபத்தில் பாதி எனக்கு. இல்லாவிட்டால் வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே சொந்தக் காசில் செய்யலாம் என்றும் யோசிக்கிறேன். எது நல்லது?
வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, இரண்டும் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். ஆனால் காரணம் வேறு வேறு.

முதலில் அந்த 3 இலட்சம். ப்ரொப் கம்பனி என்றால் தன் சொந்தக் காசைச் சந்தையில் போட்டு உழைக்கிற கம்பனி. நியூயோர்க்கின் ஜேன் ஸ்ட்ரீட், அம்ஸ்டர்டாமின் ஒப்டிவர் எல்லாம் அந்த ரகம். கணக்கிலும் நிகழ்தகவிலும் சோதனை வைத்து ஆட்களை எடுப்பார்கள், சம்பளம் கொடுத்துப் பழக்குவார்கள், நட்டம் வந்தால் அது கம்பனியின் நட்டம், உங்களுக்குப் போவது அதிகபட்சம் வேலைதான். உங்களிடம் வைப்புக் கேட்கிறவர்கள் செய்வது வேறு வியாபாரம். அமெரிக்காவிலும் இப்படி வைப்பு வாங்கும் கம்பனிகள் உண்டு, அதெல்லாம் களவு என்று நான் சொல்லவில்லை, ஆனால் அங்கே நட்டம் முதலில் தின்பது உங்கள் வைப்பைத்தான், கம்பனிக்கோ நீங்கள் வென்றாலும் தோற்றாலும் ஒவ்வொரு ட்ரேடுக்கும் கமிஷன் கிடைத்துக்கொண்டே இருக்கும். அப்படியென்றால் அவர்களுடைய வாடிக்கையாளர் நீங்கள்தானே?

அதனால் அவர்களிடம் சில விஷயங்களைக் கேளுங்கள். வைப்பு யார் பெயரில், எந்தக் கணக்கில் இருக்கும், கேட்டால் எத்தனை நாளில் திரும்பும், மென்பொருளுக்கும் கதிரைக்கும் மாதாமாதம் எவ்வளவு வெட்டுவார்கள், எந்தத் தரகர் ஊடாக ட்ரேட் போகிறது. எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் மட்டும் பதில் வந்தால் அன்றைக்கே பஸ் ஏறி ஊர் வந்து சேருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தியாவின் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி 2024 இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2023-24 நிதியாண்டில் அங்கே பங்கு டெரிவேட்டிவ் (பங்கு விலையை அடிப்படையாக வைத்துப் போடும் ஒப்பந்தங்கள்) சந்தையில் ப்ரொப் கம்பனிகள் செலவு கழிக்குமுன் 33,000 கோடி இந்திய ரூபா இலாபம் பார்த்தன, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் 28,000 கோடி, தனியாட்களும் மற்றவர்களும் 61,000 கோடிக்கு மேல் இழந்தார்கள். பாருங்கள், ப்ரொப்தான் வெல்கிறது என்று துள்ள வேண்டாம். அந்த ப்ரொப் இலாபத்தில் 96 வீதம் அல்கோ ட்ரேடிங்கில் வந்தது, அதாவது கணினி நிரல் உழைத்த காசு. கொழும்பில் ஒரு கதிரையில் இருந்து மௌஸை அமுக்குகிற பிள்ளைக்கு அதில் பங்கு இல்லை.

சரி, வீட்டிலிருந்து? 6 இலட்சத்தையும் போட்டு மாதம் 3 வீதம் எடுத்தாலும், மாதாமாதம் தவறாமல் அதை எடுப்பதே பெரிய கெட்டித்தனம், வருவது 18,000 ரூபா. அதில்தான் சாப்பாடு, கரண்ட் பில், இணையம் எல்லாம். போதாது என்று தெரிந்ததும் லெவரேஜை, அதாவது தரகரிடம் கடன்பட்டுப் போடும் அளவை, கூட்டுவீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஐரோப்பியக் கண்காணிப்பு அமைப்பான எஸ்மா 2018 இல் லெவரேஜுக்கு உச்சவரம்பு போட்டபோது சொன்ன காரணமே, சிறு முதலீட்டாளர்களின் சிஎஃப்டி (பொருளை வாங்காமல் அதன் விலை ஏற்ற இறக்கத்தில் மட்டும் காசு போடும் ஒப்பந்தம்) கணக்குகளில் 74 முதல் 89 வீதம் நட்டப்படுகின்றன என்பதுதான். டெமோ இலாபத்தை இதற்குச் சாட்சியாகக் கொண்டுவராதீர்கள், டெமோவில் யாருக்கும் கை நடுங்குவதில்லை.

கொழும்புப் பங்குச் சந்தையில் நாள் வியாபாரம் செய்யலாம் என்றால், அங்கே சாதாரணமாக வாங்க 1.12 வீதம், விற்க 1.12 வீதம் செலவு. சின்னச் சின்ன இலாபம் அதற்குள்ளேயே கரைந்துவிடும். பங்கை வாங்கி வைத்திருப்பவருக்குத்தான் அந்தச் சந்தை சரி.

அப்புறம் எனக்கு உண்மையிலேயே விளங்காத ஒன்று, வேலையை ஏன் விட வேண்டும்? நியூயோர்க் சந்தை நம் நேரத்துக்கு இரவு 7 மணிக்குத் திறக்கிறது, அவர்களுடைய குளிர்காலத்தில் 8 மணிக்கு. நீங்கள் வேலை முடிந்து, டச்சு விரிகுடாவில் காற்று வாங்கிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டாலும் நேரம் இருக்கிறது. வேலையை விட்டால் சம்பளம் மட்டுமல்ல, முதலாளி கட்டுகிற 12 வீத ஈபிஎஃப், 3 வீத ஈடிஎஃப் இரண்டும் போகும். ஒரு இலட்சத்தைத் தனியாக எடுத்து, அது முழுதும் போனாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்து, ஒரு வருடம் சின்ன அளவில் செய்து ஒவ்வொரு ட்ரேடையும் கொப்பியில் எழுதுங்கள். மிச்ச இரவுகளில் பைதன் என்ற கணினி நிரல் மொழியைப் படியுங்கள். நல்ல ப்ரொப் கம்பனியின் கதவு எப்போதாவது திறந்தால் அதற்குத்தான் திறக்கும்.

வெளிநாட்டுத் தளத்துக்குக் காசு அனுப்புமுன் உங்கள் வங்கியில் கேளுங்கள். 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் இருக்கிறது, அனுமதி இல்லாத ஃபொரெக்ஸ் (வெளிநாட்டு நாணய) வியாபாரம் பற்றி மத்திய வங்கியும் எச்சரித்திருக்கிறது. "ரூபாவைத் தாருங்கள், நான் டொலர் ஏற்றித் தருகிறேன்" என்று முகநூலில் வருகிற அண்ணன்மாரை நம்ப வேண்டாம்.

கேள்வி: 500 டொலர் கட்டினால் 100,000 டொலர் கணக்கு தருவதாக ஒன்லைன் ப்ரொப் கம்பனி ஒன்று சொல்கிறது. நல்ல வாய்ப்புத்தானே?
வாசகி, கிண்ணியா

பதில்: அது கணக்கு இல்லை, பரீட்சைக் கட்டணம். வழக்கமான விதி இப்படி இருக்கும்: 10 வீத இலாபம் காட்ட வேண்டும், ஒரே நாளில் 5 வீதமோ மொத்தத்தில் 10 வீதமோ நட்டப்பட்டால் வெளியே. 10,000 டொலர் போனதும் கதை முடிகிறதென்றால் உங்கள் கையில் இருப்பது 10,000 டொலர் கணக்குத்தான். அதுவும் பெரும்பாலும் மெய்யான சந்தைக்குப் போகாத டெமோ போன்ற கணக்கு. ஆக, தோற்றவர்கள் கட்டிய கட்டணம்தான் இந்த வியாபாரத்தின் பெரிய வருமானம்.

2023 ஓகஸ்டில் மை ஃபொரெக்ஸ் ஃபண்ட்ஸ் என்ற இதே ரக ஒன்லைன் ப்ரொப் கம்பனி மீது அமெரிக்காவின் டெரிவேட்டிவ் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான சிஎஃப்டிசி வழக்குப் போட்டு, அதன் சொத்துகள் முடக்கப்பட்டன. 2025 இல் அந்த வழக்கை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, பிழை சிஎஃப்டிசி நடந்துகொண்ட முறையில் என்று. சட்டத்தில் கம்பனி வென்றது, சரி, ஆனால் இடையில் இலாபத்தில் தங்கள் பங்குக்குக் காத்திருந்தவர்களை யோசித்துப் பாருங்கள்.

இதில் ஒரு நன்மை உண்டு, மறைக்க மாட்டேன்: போவது அந்த 500 டொலரோடு நிற்கும். ஆனால் தோற்றதும் "இன்னொரு முறை, கழிவு விலையில்" என்று மின்னஞ்சல் வரும். ஒருமுறைக்கு மேல் கட்டுவதில்லை என்று இப்போதே வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். கட்டுவதற்கு நகை அடகு வைக்க வேண்டியிருந்தால் அந்த ஒருமுறையும் வேண்டாம்.