எதற்கும் இருக்கட்டும்

வணக்கம் சார்,

பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தினமும் தூக்கிப்போகும் பையைப் போன வாரம் எடை போட்டுப் பார்த்தேன். 8 கிலோ! மினிமலிசம் பற்றிய வீடியோ ஒன்றில் ‘மாணவருக்கு ஏழு பொருள் போதும்’ என்றார்கள். அதை நம்பி உலோகப் பேனா, மடக்கும் மல்டி டூல், சாவிக்கொத்தில் மாட்டும் டார்ச், மெல்லிய பர்ஸ் எல்லாம் வாங்கினேன். பை இன்னும் கொஞ்சம் கனத்ததுதான் மிச்சம். எது வேண்டும், எது வேண்டாம் என்று எப்படி முடிவு செய்வது? என் நண்பன் ஒருவன் போனை மட்டும் வைத்துக்கொண்டு கையை வீசிக்கொண்டு வருகிறான். அவனைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வாங்குவதற்கு முன்னால் எடை போட்டிருக்கலாம். பரவாயில்லை, பலர் அதைக்கூடச் செய்வதில்லை. உடல் எடையில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் பை இருக்கட்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நீங்கள் 55 கிலோ என்றால் மேல் வரம்பை உரசிக்கொண்டு நிற்கிறீர்கள்.

இன்று இரவு பையைக் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டுங்கள். ஒவ்வொன்றாக எடுத்து வைக்காதீர்கள், கவிழ்க்கவே வேண்டும். அடியில் கிடப்பது அப்போதுதான் வெளியே வரும். மை காய்ந்த மூன்று பேனா, எந்தப் போனுக்கும் சேராத ஒரு கேபிள், போன செமஸ்டர் லேப் ரெக்கார்டு, யாருடையது என்றே தெரியாத ஒரு ஸ்கேல். இதில் எதையும் நீங்கள் யோசித்து உள்ளே வைத்திருக்க மாட்டீர்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒருநாள் போட்டிருப்பீர்கள். வெளியே எடுக்க மட்டும் நாள் வரவில்லை.

ஆனால் இந்தச் சில்லறைச் சாமானால் 8 கிலோ வராது. பெரிய கனம் மூன்று இடத்தில் இருக்கிறது: தண்ணீர், காகிதம், சார்ஜர். வீடியோக்காரர்கள் பர்ஸைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார்கள், இவற்றைத் தொடவே மாட்டார்கள்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஸ்டீல் பாட்டில் என்றால் அதன் மேல் இன்னும் முந்நூறு, நானூறு கிராம். கல்லூரியில் தண்ணீர் பிடிக்க வசதி இருந்தால் அரை லிட்டர் பாட்டில் போதும். இரண்டு முறை எழுந்து போய் நிரப்பிக்கொள்ளுங்கள்.

காகிதம் இன்னும் மோசம், ஏனென்றால் அது மெதுவாகச் சேரும். நாம் பிரிண்ட் எடுக்கும் வழக்கமான 80 ஜிஎஸ்எம் தாள், சதுர மீட்டருக்கு 80 கிராம். ஏ4 தாள் அதில் பதினாறில் ஒரு பங்கு, ஆக ஒரு தாள் 5 கிராம். ஒரு தாளைக் கையில் பிடித்தால் கனமே தெரியாது. அப்படி இருநூறு தாள் ஃபைலில் சேர்ந்தால் ஒரு கிலோ. பாடத்துக்கு ஒரு நோட்டு என்ற பழக்கத்தை விடுங்கள். தாள்களைக் கழற்றி மாட்டும் ரிங் ஃபைல் ஒன்று வாங்கி, அன்றன்று எழுதியதை வீட்டில் அந்தந்தப் பாடத்தின் கட்டோடு சேர்த்துவிடுங்கள். மறுநாள் வெற்றுத்தாள் இருபது போதும்.

சார்ஜர். உங்கள் லேப்டாப் நான்கைந்து மணி நேரம் தாங்கினால் சார்ஜர் வீட்டிலேயே கிடக்கட்டும். தாங்காது என்றால், டைப் சி வழியாகச் சார்ஜ் ஏறுமா, எத்தனை வாட் தேவை என்று பாருங்கள். சாதாரண லேப்டாப்புக்குப் பெரும்பாலும் 65 வாட் போதும். காலியம் நைட்ரைடு (GaN) என்ற குறைக்கடத்தியால் ஆன சார்ஜர்கள் இப்போது உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகின்றன, போனுக்கும் அதுவே ஆகும். கேமிங் லேப்டாப் வைத்திருந்தால் இந்த யோசனை வேலைக்கு ஆகாது, அந்தச் செங்கல்லைத் தூக்கித்தான் ஆகவேண்டும்.

பவர் பேங்க் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேலே 10,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 5 வோல்ட்டாக வெளியே வரும்போது அது 7,400 ஆகிவிடும். வெப்பமாக வீணாவது போக இன்னும் குறையும். 5,000 எம்ஏஎச் போனை ஏறக்குறைய ஒன்றரை முறை நிரப்பும், இரண்டு முறை நிரப்பாது. சரி, காலையில் முழு சார்ஜோடு கிளம்பும் ஒருவருக்கு ஒன்றரை முறை எதற்கு? சிறியதே போதும். 20,000 எம்ஏஎச் வெளியூர்ப் பயணத்துக்கு.

இனி உங்கள் நண்பர். பொறாமைப்படுவதற்கு முன்னால் அவர் யார் பேனாவில் எழுதுகிறார், யார் தண்ணீரைக் குடிக்கிறார், மழையில் யார் குடைக்குள் வருகிறார் என்று ஒரு வாரம் கவனியுங்கள். அவருடைய பையும் சேர்ந்துதான் உங்கள் தோளில் இருக்கிறது என்பது என் சந்தேகம்.

எல்லாம் போனில் இருக்கட்டும் என்று நானும் இருந்தவன்தான். இரவில் ஒரு ரயில் நிலையத்தில் போன் அணைந்துவிட்டது. டிக்கெட் அதில், பணம் அதில், அடையாள அட்டை அதில். பக்கத்தில் இருந்தவர் நல்ல மனிதர், தன் போனைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு விழித்தேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண்கள் இரண்டே இரண்டு. ஒன்று என்னுடையது, இன்னொன்று என் சின்ன வயதில் வீட்டில் இருந்து, எப்போதோ துண்டித்துவிட்ட லேண்ட்லைன். அன்றிலிருந்து என் பர்ஸில் ஒரு சீட்டு இருக்கிறது, நான்கு எண்களோடு. கூடவே அசல் அடையாள அட்டை, கொஞ்சம் ரொக்கம். மொத்தமாகப் பத்து கிராம்கூடத் தேறாது.

எனவே பட்டியல் கேட்காதீர்கள். ஒவ்வொரு பொருளையும் பார்த்து, ‘இது இல்லாவிட்டால் என் நாள் நின்றுபோகுமா?’ என்று கேளுங்கள். அடையாள அட்டை, சாவி, பேனா இல்லாவிட்டால் நின்றுபோகும். பேனா மட்டும் இரண்டு வேண்டும், இரண்டாவது பெரும்பாலும் பக்கத்து பெஞ்சுக்குப் போகும். கால்குலேட்டர் தேவைப்படும் நாளில் மட்டும். வீசிங் உள்ளவரின் இன்ஹேலர், பெண்களின் பையில் இருக்கும் நாப்கின், கண்ணாடி போட்டவரின் மாற்றுக் கண்ணாடி ஆகியவற்றை ‘எதற்கும் இருக்கட்டும்’ கணக்கில் சேர்க்காதீர்கள். ஏழு பொருள் பட்டியல் போடுபவர்களுக்கு இவை ஏனோ நினைவுக்கே வருவதில்லை.

அப்புறம், லேப்டாப்பை முதுகை ஒட்டிய அறையில் வையுங்கள், இரண்டு பட்டையையும் மாட்டுங்கள். ஒரே தோளில் தொங்கவிட்டால் 4 கிலோவும் கனம்தான்.

உலோகப் பேனாவைப் பயன்படுத்துங்கள், அதற்கு எளிதில் ரீஃபில் கிடைக்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டார்ச் போனிலேயே இருக்கிறது. மல்டி டூலைக் கல்லூரிக்குக் கொண்டுபோகாதீர்கள். அதில் கத்தி இருக்கும், தேர்வு அறை வாசலில் யாராவது பையைத் திறந்து பார்த்தால் விளக்கம் சொல்லி மாளாது. வீட்டில் ஏதாவது ஒரு கதவின் தாழ்ப்பாள் நிச்சயம் ஆடிக்கொண்டிருக்கும், அதன் ஸ்க்ரூவை முறுக்கிவிடுங்கள்.