நல்லாசிரியர் விருது பெற்ற மருத்துவரிடம் படித்திருக்கிறீர்களா? அவர் கற்பித்ததில் அப்படி என்ன சிறப்பு?

படித்திருக்கிறேன். புதுச்சேரியில் எம்.பி.பி.எஸ். படித்தபோது எங்களுக்கு வகுப்பெடுத்த இதய அறுவை மருத்துவர் அவர். சிறந்த ஆசிரியர் என்று கல்லூரி அவருக்கு விருது கொடுத்த நாளில், பின்வரிசை மாணவர்கள் பெஞ்சின்மேல் ஏறி நின்று கைதட்டினார்கள். தன் பெயர் பேசப்படுவதை அவர் விரும்பமாட்டார், அதனால் எழுதவில்லை.

முதல் வகுப்புக்கு அவர் பெரிய மார்க்கெட்டிலிருந்து ஆறு ஆட்டு இதயங்களை வாங்கி வந்திருந்தார். ஒன்றை எடுத்து, இடது மேலறையை வெட்டித் திறந்தார். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் பெருங்குழாயான மகாதமனியை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கீழறைக்குள் பெரிய சிரிஞ்சால் தண்ணீரைச் செலுத்தினார். அந்த இரு அறைகளுக்கும் நடுவே கதவுபோல் இருக்கும் மிட்ரல் வால்வின் இரண்டு இதழ்களும் காற்று வாங்கிய பாய்போல் புடைத்து, விளிம்போடு விளிம்பு சேர்ந்து மூடிக்கொண்டன. இதழ்களைக் கீழிருந்து இழுத்துப் பிடிக்கும் நூல்களில் ஒன்றைக் கத்தரித்தார். மறுபடி தண்ணீர் செலுத்தியதும் ஓர் இதழ் மேலே மடங்கி, என் சட்டையெல்லாம் நனைந்தது. வால்வு கசிவது என்றால் என்ன என்று அதன்பின் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு இதயத்தில், இரு இதழ்களும் சேரும் ஓரங்களைத் தைத்துவிட்டு, மேலிருந்து தண்ணீர் ஊற்றச் சொன்னார். தண்ணீர் தேங்கி நின்று சொட்டுச் சொட்டாக இறங்கியது. ருமாட்டிக் காய்ச்சல் செய்கிற வேலை இதுதான் என்றார். சிறுவயதில் தொண்டைப்புண்ணாகத் தொடங்கும். மூட்டு வலி வந்து போகும். பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டிய வால்வு ஒன்றரைக்கும் கீழே சுருங்கியிருக்கும். பின்னால் தேங்கும் ரத்தம் நுரையீரலை அழுத்த, மூச்சு வாங்கும்.

வார்டில் அவர் இன்னும் பொறுமைசாலி. அந்தச் சுருங்கிய வால்வின் ஒலி மிகத் தாழ்வானது. கடற்கரைச் சாலையில் பாறைகளுக்கு அடியில் அலை புரளுமே, அப்படி. நோயாளியிடம், “இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள் அம்மா” என்பார். ஸ்டெதாஸ்கோப்பின் பெல் பக்கத்தை, அதாவது கிண்ணம்போல் குழிந்த பக்கத்தை, தோலில் பட்டும் படாமலும் வைக்க வேண்டும். அழுத்தினால் தோலே விறைத்து, அந்தத் தாழ்ந்த ஒலியை வடிகட்டிவிடும். எங்கள் பத்துப் பேருக்கும் கேட்கும்வரை அவர் கட்டிலைவிட்டு நகரவில்லை. கேட்காமலே கேட்டதாகச் சொன்னவனிடம், “பொய் சொல்லாதே தம்பி, இன்னொரு முறை வை” என்றார், கோபமே இல்லாமல்.

“உங்களில் ஒருவர்கூட என் துறைக்கு வராமல் போகலாம். ஆனால் என்னிடம் வரவேண்டிய நோயாளி முதலில் உங்களிடம்தான் வருவார்” என்று ஒருநாள் சொன்னார். கத்தியைத் தொடப்போகாத எங்களுக்காக அவர் ஏன் இவ்வளவு மெனக்கெட்டார் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

பின்னர் நான் கடலூர் மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மீனவர் குடும்பத்துப் பெண் ஒருவர், ஐந்து மாதக் கர்ப்பிணி, மூச்சிரைப்போடு வந்தார். ஆஸ்துமா என்று வேறெங்கோ மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, பெல்லை மெல்ல வைத்தேன். அலை புரண்டது.

அன்றே புதுச்சேரிக்கு அனுப்பினேன். தொடை ரத்தக்குழாய் வழியே பலூன் செலுத்தி வால்வை விரித்தார்கள். ஜப்பானிய அறுவை மருத்துவர் கான்ஜி இனோவே 1984-இல் வெளியிட்ட முறை அது. நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கவில்லை என்று நான் போனில் சொன்னபோது, அறுவை மருத்துவரான என் ஆசிரியருக்குத்தான் எவ்வளவு மகிழ்ச்சி! பிறகு, ருமாட்டிக் காய்ச்சல் திரும்ப வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி தவறக்கூடாது என்று நினைவூட்டிவிட்டு, “உன் செவிலியர்களுக்கு அந்த ஒலியைக் கேட்கக் கொடுத்தாயா?” என்றார்.

“இல்லை, சார்” என்றேன்.

அடுத்த ஊசிக்கு அந்தப் பெண் வந்தபோது அவரிடம் அனுமதி கேட்டேன். சிரித்துக்கொண்டே இடப்பக்கம் திரும்பிப் படுத்தார். பலூன் சிகிச்சைக்குப் பிறகு ஒலி மெலிந்திருந்தது. செவிலியர்களில் மூத்தவருக்கு உடனே பிடிபட்டது. இளையவர் கண்களை மூடிக்கொண்டு நெடுநேரம் தேடினார். “அழுத்தாதீர்கள், பட்டும் படாமலும் வையுங்கள்” என்று சொல்லிக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தேன்.