கேள்வி-பதில்: அட்டையைப் பார்த்து வாங்கிய பாட்டுப் புத்தகம்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, சந்தத்தோடு பாட்டாக எழுதிய குழந்தைப் படப் புத்தகங்களைப் பற்றியவை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நூலகத்தில் கேட்ட 'சிக்கா சிக்கா பூம் பூம்' என்ற ஆங்கில எழுத்துப் பாட்டுப் புத்தகம் என்றால் என் 2 வயது மகளுக்கு உயிர். கிழிக்காமல் இருக்கட்டுமே என்று, எல்லாப் பக்கமும் தடித்த அட்டையாக இருக்கும் கெட்டி அட்டைப் பதிப்பாக வாங்கினேன். பாதியில் முடிந்துவிடுகிறது. கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். அச்சுக் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை அம்மா. நீங்கள் வாங்கியது வேறு புத்தகம். 1989-ல் வந்த மூலத்தில் எழுத்துகள் தென்னை மரத்தில் ஏறி விழுவதோடு கதை நிற்காது. விழுந்து அடிபட்டவை ஒவ்வொன்றாக எழுந்து வரும் இரண்டாம் பாதி உண்டு. முதல் பாதியை மட்டும் எடுத்து 'சிக்கா சிக்கா ஏபிசி' என்று கெட்டி அட்டையில் போட்டார்கள். அட்டைப்படம் ஏறக்குறைய அதேதான். அவசரத்தில் யாருக்கும் கண் தப்பும்.

இது எனக்கு நெடுநாள் ஆதங்கம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளில் அச்சடித்து மடிக்கும்போது 8, 16 என்றுதான் பக்கங்கள் விழும், அதனால் வந்த கணக்கு அது. கெட்டி அட்டைக்கு மாற்றும்போது ஒவ்வொரு பக்கமும் தடிமனாகிவிடுவதால் பக்கத்தைக் குறைக்கிறார்கள், கூடவே பாட்டிலும் கை வைக்கிறார்கள். உரைநடையில் ஒரு வாக்கியம் போனால் சமாளித்துவிடலாம். பாட்டில் ஒரு வரியை உருவினால் அதன் ஜோடி வரி அந்தரத்தில் நிற்கும். மடியில் இருக்கும் குழந்தை அந்த ஓசைக்காக வாயைப் பாதி திறந்து காத்திருக்கும், அது வராது. பெரியவர்களுக்குத் தெரியாத வெட்டு குழந்தைக்கு உடனே தெரிந்துவிடுகிறது. 'சுருக்கிய பதிப்பு' என்று முன்னட்டையில் பெரிதாகப் போட்டால் என்ன குறைந்துவிடும்? பின்னட்டையின் மூலையில் எறும்பு சைஸில் போடுகிறார்கள். சில புத்தகங்களில் அதுவும் கிடையாது.

இனி வாங்கும்போது பார்கோடு பக்கத்தில் இருக்கும் 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணை, அதாவது புத்தகத்தின் அடையாள எண்ணைப் பாருங்கள். ஹார்ட்கவர், பேப்பர்பேக், கெட்டி அட்டை என்று ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி எண் இருக்கும். நூலகப் பிரதியின் பக்க எண்ணிக்கையையும் கடைசி வரியையும் குறித்துக்கொண்டு போய் ஒப்பிடுங்கள். உங்கள் மகள் தேடும் பாட்டு முழுசாகவே கெட்டி அட்டையிலும் வந்திருக்கிறது, பழைய பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

கேள்வி: ஒரே புத்தகத்தை 3 வாரமாகத் தினமும் கேட்கிறான். மாற்றத்துக்கு வேறு 5 வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். அதையே படியுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 40 புத்தகம் கொண்ட பெட்டி வாங்கினேன். பாட்டுகள் எதுவும் ஓசையாக வரவில்லை. யார் எழுதியது என்றே போடவில்லை. சென்ற வருடம் இதே விற்பனையாளரிடம் வாங்கியதும் இப்படித்தான் இருந்தது.

பதில்: சென்ற வருடமே தெரிந்திருக்கிறது, மறுபடி ஏன் ஐயா வாங்கினீர்கள்? எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் இல்லாத பாட்டுப் புத்தகத்தைத் தொடாதீர்கள். நானும் என் மகனுக்கு இப்படி ஒரு பெட்டி வாங்கியிருக்கிறேன். உள்பக்கத்தின் படம் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை, எண்ணிக்கையை மட்டும் பார்த்தேன். ஒன்றில் முயல் என்று வரி சொல்லும், படத்தில் அணில் இருக்கும். அவன் விரலை வைத்து "இது முயலா?" என்று கேட்டான். அன்றிலிருந்து நான்கு பக்கமாவது வாய்விட்டுப் படித்துப் பார்க்காமல் எந்தப் புத்தகமும் வாங்குவதில்லை. இரண்டாவது பக்கத்திலேயே நாக்கு தடுக்கினால் வைத்துவிடுவேன். உங்கள் பெட்டியைத் திருப்பி அனுப்பும் நாள் தாண்டவில்லை என்றால் இன்றே அனுப்புங்கள்.

கேள்வி: பேத்தியின் பிறந்தநாளுக்கு ஹார்ட்கவர் புதுப் பிரதி என்று நம்பி வாங்கினேன். வந்தது மங்கலான ஜெராக்ஸ் போல இருக்கிறது. படங்களின் ஓரம் வெட்டுப்பட்டு, ஒரு பக்கத்தில் பூனைக்கு வாலே இல்லை. விற்றவர் பதிலே சொல்வதில்லை. நான்தான் கவனமில்லாமல் இருந்துவிட்டேன்.

பதில்: ஐயா, கடைசி வரியை நான் ஏற்க மாட்டேன். புதுப் பிரதி என்று எழுதி விற்றார்கள், நீங்கள் நம்பினீர்கள். தவறு முழுக்க அவர்களுடையது.

இது கள்ளப் பிரதி போலத்தான் தெரிகிறது. எழுத்தின் விளிம்பு மங்கலாக இருப்பது, படம் வெட்டுப்படுவது, பதிப்பு விவரப் பக்கம் காணாமல் போவது எல்லாம் அதன் அடையாளங்கள். விற்றவர் தன் விற்பனைப் பக்கத்தை மாற்றுவதற்கு முன்னால் அதைப் படம் பிடித்து வையுங்கள். அப்புறம் பார்சல் உறை, பில், வாலில்லாத பூனை எல்லாவற்றையும் படமெடுங்கள். விற்றவரோடு மல்லுக்கட்டாமல், அவர் விற்கும் தளத்தில் 'கள்ளப் பிரதி' என்ற சொல்லைப் போட்டே புகார் கொடுங்கள். கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியிடமும் தாமதிக்காமல் எழுதுங்கள். மூலப் பதிப்பகத்துக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள், அவர்களுக்கும் இது நஷ்டம். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.

கேள்வி: பக்கத்துக்கு இரண்டு வரி. சொன்னதையே சொல்கிறது. இதற்கு இவ்வளவு விலையா?

பதில்: 1960-ல் வந்த 'கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்' புத்தகத்தில் மொத்தமே 50 வெவ்வேறு சொற்கள்தான். 50 சொல்லுக்குள் எழுத முடியுமா என்று பதிப்பாளர் கட்டிய பந்தயத்துக்காக அமெரிக்கக் குழந்தை எழுத்தாளர் டாக்டர் சூஸ் எழுதியது. சொல்லை எடை போட்டு வாங்க இது அரிசி இல்லை.

கேள்வி: பட்டனை அழுத்தினால் பாடும் புத்தகம் நல்லதா? குழந்தைக்கு ஒன்றரை வயது.

பதில்: பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதாக இல்லை என்றால் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் காசு போன்ற பட்டன் பேட்டரி. விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி 2 மணி நேரத்துக்குள்ளேயே அரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பான் என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேராக அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

கேள்வி: புகழ்பெற்ற பாட்டுக் கதையின் தமிழாக்கம் வாங்கினேன். குழந்தை எழுந்து போய்விடுகிறது. தமிழில் சந்தம் வராதா?

பதில்: வராமல் என்ன? ஆங்கிலப் பாட்டில் ஓசை வரியின் கடைசியில் சேரும், நாம் இயைபு என்கிறோமே அது. தமிழ்க் காது அதோடு நிற்காது, வரியின் தொடக்கத்திலேயே எதுகையையும் மோனையையும் தேடும். 'பட்டம் விட்டாள் பாப்பா, வட்டம் போட்டது காற்று' என்று சொல்லிப் பாருங்கள். கடைசிச் சொற்கள் சேரவில்லை, ஆனாலும் ஓடுகிறது. அவசர மொழிபெயர்ப்புகளில் வந்தது, போனது, நின்றது என்று எல்லா வரியையும் ஒரே வாலில் முடித்துவிட்டுச் சந்தம் என்கிறார்கள். கடையில் ஒரு பக்கத்தைத் தொடையில் தாளம் தட்டிப் படித்தாலே தெரிந்துவிடும்.

கேள்வி: 3 வயது மகன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முழுப் பாட்டையும் ஒப்பிக்கிறான். எழுத்து தெரியாது. ஒழுங்காகப் படிக்கவைக்க ஒரு செயலி வாங்கலாமா?

பதில்: பணத்தை வீணாக்காதீர்கள். ஓசையைக் காதால் பிடித்துப் பிரித்துப் பார்க்கும் பழக்கம்தான் பிறகு எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கைகொடுக்கும். உங்கள் மகனுக்கு அது வந்துவிட்டது. இன்று இரவு படிக்கும்போது வரியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பாருங்கள். சொல்லிவிடுவான். நாளைக்கு வேண்டுமென்றே தப்பாக ஒரு சொல்லைப் போடுங்கள், உங்கள் வாயைப் பொத்திவிட்டுச் சரியானதைச் சொல்வான்.