ஆங்கில வாக்கியத்தில் எது நவுன், எது வெர்ப் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நவுன், வெர்ப் என்று ஆங்கிலச் சொற்களின் எட்டு வகைகளையும் (பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்) ஒப்பிக்கத் தெரிகிறது, வாக்கியத்தைக் கொடுத்தால்தான் தடுமாற்றம் என்கிறீர்கள். எனக்கும் அதே கதைதான். ஒரு பரீட்சையில் ‘ஐ வாட்டர் தி பிளான்ட்ஸ்’ என்று கொடுத்து, ‘வாட்டர்’ எந்த வகை என்று கேட்டிருந்தார்கள். தண்ணீர் ஒரு பொருள், பொருளின் பெயர் நவுன். யோசிக்காமல் எழுதினேன். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழுந்தது, காரணம் யாரும் சொல்லவில்லை.

நான் சொல்லின் அர்த்தத்தைப் பார்த்தேனே தவிர, அது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்க்கவில்லை. ‘ஐ’க்கு அடுத்து நின்று, செடிகளுக்கு என்ன செய்கிறேன் என்று சொல்கிறது, அதனால் அங்கே அது வெர்ப். ‘நேற்று’ என்று சேர்த்துப் பாருங்கள், ‘வாட்டர்டு’ என்று மாறிவிடும். காலத்துக்கு ஏற்ப மாறினால் வெர்ப்தான், இந்தச் சோதனை அநேகமாகக் கைவிடாது. ‘தி வாட்டர் இஸ் கோல்டு’ என்னும்போது அதே சொல் நவுன்.

இது நமக்குப் புதிதும் இல்லை. ‘படி ஏறினான்’, ‘பாடத்தைப் படி’, ‘சொன்னபடி செய்’ – மூன்று படியும் ஒன்றா? என்ன, தமிழில் பல நேரம் சொல்லின் வாலே காட்டிக்கொடுத்துவிடும்: அழகு, அழகான, அழகாக. ஆங்கிலத்தில் வால் குறைவு, இருப்பதையும் முழுசாக நம்ப முடியாது. ‘லி’ என்று முடிந்தால் அட்வெர்ப் (‘அழகாக’ மாதிரி வெர்பை விவரிப்பது) என்பார்கள், ஆனால் ‘ஃப்ரெண்ட்லி’ அட்ஜெக்டிவ் (‘அழகான’ மாதிரி நவுனை விவரிப்பது). ‘ஃபாஸ்ட்’ வாலே இல்லாமல் இரண்டு வேலையும் பார்க்கும்: ‘எ ஃபாஸ்ட் கார்’ என்றால் அட்ஜெக்டிவ், ‘ரன் ஃபாஸ்ட்’ என்றால் அட்வெர்ப்.

இடத்தை மட்டும் பார்த்தாலும் சில சமயம் ஏமாறுவோம். ‘வாட்டர் டேங்க்’கில் ‘வாட்டர்’ டேங்க்குக்கு முன்னால் நிற்கிறதே, அட்ஜெக்டிவா? முன்னால் ‘வெரி’ போட்டுப் பாருங்கள். ‘வெரி கோல்டு’ ஒட்டும், ‘வெரி வாட்டர்’ ஒட்டாது. அது நவுன்தான், இன்னொரு நவுனுக்கு முன்னால் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். (எல்லா அட்ஜெக்டிவும் ‘வெரி’யை ஏற்காது, ஆனால் சந்தேகம் வந்தால் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.)

புரொனவுன், இன்டர்ஜெக்ஷன் எல்லாம் உங்களுக்குத் தானாகவே வந்துவிடும். அப்புறம் நம்மைக் குழப்புவது பிரிபொசிஷனும் (நவுனுக்கு முன்னால் வந்து அதை வாக்கியத்தோடு இணைப்பது) கன்ஜங்ஷனும் (வாக்கியங்களை இணைப்பது). ‘ஆஃப்டர் லஞ்ச்’, ‘ஆஃப்டர் ஹீ லெஃப்ட்’ இரண்டையும் தமிழாக்கினால் ‘சாப்பாட்டுக்குப் பிறகு’, ‘அவன் போன பிறகு’. இரண்டிலும் பிறகுதான்! ஆனால் தமிழில் ‘பிறகு’க்கு முன்னால் வந்ததைப் பாருங்கள்: ஒன்றில் ‘கு’ உருபு ஏற்ற பெயர், இன்னொன்றில் ‘போன’ என்று வினை. ஆங்கிலத்தில் அதே சங்கதி ‘ஆஃப்டர்’க்குப் பின்னால் இருக்கும். பின்னால் நவுன் மட்டும் வந்தால் பிரிபொசிஷன்; ஆளும் வெர்பும் சேர்ந்து வந்தால் கன்ஜங்ஷன். ‘பிஃபோர்’, ‘அன்டில்’ இரண்டுக்கும் இதே கணக்குதான்.