பக்கத்து மாடித் தண்ணீர் எங்கள் கொல்லையில் விழுகிறது

கேள்வி: கும்பகோணத்தில் எங்கள் தெருவில் எல்லாமே ஓட்டு வீடுகள். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று வருஷத்துக்கு முன் ஓட்டைப் பிரித்துவிட்டு மாடி கட்டினார். மாடித் தண்ணீர் முழுவதையும் ஒரு குழாய் வழியாக எங்கள் கொல்லையில் விடுகிறார். ஐப்பசி மழையில் அடுப்படிச் சுவர் ஊறி, உப்புப் பூத்துவிட்டது. கேட்டால், "நாற்பது வருஷமாக எங்கள் தாழ்வாரத் தண்ணீர் உங்கள் பக்கம்தானே விழுகிறது?" என்கிறார்.

பதில்: அம்மா, அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் நீங்கள் தயங்குகிறீர்கள்.

1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி (அடுத்தவர் இடத்தின் மேல் ஒருவருக்கு உள்ள அனுபவ உரிமை பற்றியது), 20 வருஷம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையாகவே அனுபவித்து வந்தால் தாழ்வாரத் தண்ணீர் விழுவதும் உரிமையாகலாம். ஆனால் அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். உங்கள் மாமனார் "பரவாயில்லை, விழட்டும்" என்று விட்டுக்கொடுத்தது என்றால் அது அனுமதி, உரிமை அல்ல. அப்படியே உரிமை இருந்தாலும் உங்கள் இடத்தின் மேல் கூடுதல் பாரம் ஏற்ற அதே சட்டம் அனுமதிக்கவில்லை. ஓட்டு விளிம்பு நெடுகச் சொட்டிய தண்ணீர் வேறு, ஒரே குழாயில் கொட்டுகிற தண்ணீர் வேறு. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே சுமார் 930 லிட்டர். ஒரு நாளில் பத்து சென்டிமீட்டர் பெய்தால் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல், அத்தனையும் உங்கள் அடுப்படிச் சுவரோரம்!

அந்தத் தண்ணீரைத் தன் மனையிலேயே சேமிக்க வேண்டியதும் அவர் கடமை. பழைய வீடு, புது வீடு என்று பார்க்காமல் மழைநீர் சேகரிப்பை 2003-லேயே தமிழ்நாடு சட்டத் திருத்தம் மூலம் கட்டாயமாக்கியது. செய்யாதவர் வீட்டில் உள்ளாட்சியே அமைத்து, செலவைச் சொத்து வரி போல வசூலிக்கலாம், குடிநீர் இணைப்பையும் துண்டிக்கலாம் என்றது அந்தத் திருத்தம். 2019 கட்டட விதிகளிலும் இது உண்டு. நம் ஊரில் பல இடங்களில் மேலே களிமண். மேலோட்டமாகக் குழி தோண்டி ஜல்லி போட்டால் இரண்டே மழையில் நிரம்பி வழியும். மணல் இருக்கும் ஆழம் வரை துளை போட வேண்டும், அல்லது கிணற்றில் விட வேண்டும். இதை அவரிடம் நேரில் பேசிப் பாருங்கள். பல பேருக்குத் தெரிவதில்லை.

பேசியும் நடக்கவில்லையா? மழை பெய்யும்போதே குழாயையும் சுவரையும் சேர்த்து வீடியோ எடுங்கள். மாநகராட்சி ஆணையருக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதற்கு முன் உங்கள் வீட்டு மழைநீர்க் குழி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், அதிகாரி இரண்டு வீட்டையும்தான் பார்ப்பார்.

அப்புறம் வக்கீல் நோட்டீஸ், அதற்கும் அசையாவிட்டால் உரிமையியல் நீதிமன்றம். குழாயை அகற்றச் செயலுறுத்துக் கட்டளை (செய்தே ஆக வேண்டும் என்கிற நீதிமன்ற உத்தரவு), சுவருக்கு நஷ்டஈடு இரண்டையும் ஒரே வழக்கில் கேளுங்கள். இடத்தைப் பார்வையிட வழக்கறிஞர் ஆணையரை (நீதிமன்றம் அனுப்பும் வக்கீல்) நியமிக்கவும் மனு போடுங்கள். கார்த்திகைக்குள் போட்டுவிட்டால் நல்லது, சுவரில் ஈரம் இருக்கும்போதே அந்த வக்கீல் வந்து பார்க்க வேண்டும்.