துண்டு வெட்டி வந்த பிறகு முதல் இரண்டு வாரம்

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் சிறியதொரு வீட்டுப் பராமரிப்புச் சேவை நடத்துகிறோம். இதயம் பலவீனமான முதியவர்களே அதிகம். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் ஆகி) வீட்டுக்கு வந்த சில நாளிலேயே, பெரும்பாலும் இரவில், மூச்சுத்திணறி மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். இதைக் குறைக்க முடியுமா?

பதில்: பெருமளவு முடியும். இரவில் வரும் அந்தத் திணறல் பலருக்கு அன்றைக்குத் தொடங்கியதல்ல. சில நாள் முன்பே உடலில் நீர் தேங்கியிருக்கும்: கால் வீங்கும், படுக்கத் தலையணை ஒன்று கூடும், எடை ஏறும். ஆகவே முதலில் ஒரு நிறை பார்க்கும் தராசு. காலையில் சலம் போன பின், சாப்பிடும் முன் பார்த்துக் கொப்பியில் எழுதட்டும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அன்றே டொக்டரோடு பேசுங்கள், கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காதீர்கள். பராமரிக்கும் பிள்ளை எந்த நேரத்தில் அழைத்தாலும் உங்கள் தாதி ஒருவர் போனை எடுக்க வேண்டும். "இதுக்கா எழுப்பினாய்" என்று ஒரு தடவை ஏசினால், அடுத்த தடவை அந்தப் பிள்ளை அழைக்காது.

வீட்டுக்கு வந்து இரண்டு நாளுக்குள் தாதி நேரில் போக வேண்டும். அன்று பிரஷரை விட எனக்கு முக்கியம் மருந்துப் பை. எல்லாவற்றையும் மேசையில் கொட்டச் சொல்லுங்கள். வார்டில் கொடுத்தது, பழைய கிளினிக் குளிசை, பார்மசியில் வாங்கியது எல்லாம் கலந்து கிடக்கும். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்க, இரண்டையும் போடுவார்கள். அல்லது அடிக்கடி சலம் போகிறதென்று ஃபுரூஸமைடை (தேங்கிய நீரைச் சலமாக வெளியேற்றும் குளிசை) விட்டிருப்பார்கள். முழங்கால் நோவுக்கு டைக்ளோஃபெனாக் இருந்தால் அதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். அது உப்பையும் நீரையும் உடலில் பிடித்து வைக்கும். துண்டு வெட்டும்போது ஆஸ்பத்திரி தந்த டயக்னோசிஸ் கார்ட்டோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் அன்றே டொக்டரிடம் கேளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம்.

சாப்பாட்டில், "கறிக்கு உப்பைக் குறைத்துவிட்டோம்" என்பார்கள். கருவாடும் ஊறுகாயும் அந்தக் கணக்கில் வராது. நம் ஊரில் கருவாட்டை வேண்டாமென்று சொல்ல மனம் வராதுதான், சொல்லித்தான் ஆக வேண்டும்.

கார்த்திகை, மார்கழி மழையில் படுவான்கரைப் பக்கம் வீதிகள் வெள்ளத்தில் மூழ்குமே, அதற்கு முன் இரண்டு வார மருந்து கையிருப்பில் இருக்கட்டும்.

சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டுதல், நெஞ்சு நோவு, முகம் கோணுதல், மயக்கம் என்றால் வீட்டார் உங்களை அழைத்துக் காத்திருக்கக் கூடாது, நேரே 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் எண்ணிக்கையைக் குறைக்கிறோம் என்று இதை மட்டும் பிந்தவிடாதீர்கள்.